மகளிர் விளையாட்டும் மைதானப் பராமரிப்பும்

1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை புதுடில்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. இப்போட்டிகளுக்கென ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம், இந்திரா காந்தி உள்ளரங்கம், தால்கடோரா நீச்சல் குளம், துக்ளகாபாத் துப்பாக்கி சுடும் தளம் ஆகியவை எழுப்பப்பட்டன. பதினாறு நாட்களில் போட்டிகள் முடிந்தன, கட்டடங்கள் நின்றன. அவற்றுக்கு நீரும் மின்சாரமும் காவலும் அளிப்பது யார், அவற்றைப் பயன்படுத்துவோர் யார் என்னும் கேள்வி அப்போது எழுந்தது. அதற்கு விடையாக 1984-ஆம் ஆண்டில் இந்திய விளையாட்டு ஆணையம் பதிவு பெற்ற சங்கமாக நிறுவப்பட்டது. பிற்காலத்தில் பயிற்சி மையங்கள், திறனறிதல், பயிற்சியாளர் கல்வி எனப் பல பணிகளை அவ்வாணையம் ஏற்றுக்கொண்ட போதிலும், டில்லி அரங்குகளைப் பேணி முறையாகப் பயன்படுத்துவதே அதன் தொடக்கப் பணிகளுள் முதன்மையானதாக இருந்தது. நாட்டின் தலைமை விளையாட்டு நிறுவனம் ஒரு பராமரிப்புப் பிரச்சினையிலிருந்து பிறந்தது என்பதை விளையாட்டுக் கொள்கை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

அதே ஆசியப் போட்டிகளில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் எம்.டி. வல்சம்மா தங்கப் பதக்கம் பெற்றார். இந்திய மகளிர் ஹாக்கி அணியும் தங்கம் வென்றது. மகளிர் விளையாட்டின் வரலாறு எழுதப்படும்போது இந்த வெற்றிகள் இடம் பெறுகின்றன. அரங்குகளின் கதையோ பொதுப்பணித் துறையின் கோப்புகளில் வேறாக இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மைதானப் பராமரிப்புக்கென ஆண்டுதோறும் செலவிடப்படும் சிறு தொகைகளே, பரிசுகளையும் விருதுகளையும் விட மகளிர் விளையாட்டுக்கு அரசு அளிக்கும் உண்மையான ஆதரவு என்று கொள்வதற்குத் தக்க காரணங்கள் உள்ளன.

பொறுப்பு யாருடையது?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனமாக விளையாட்டு இடம் பெற்றுள்ளது. நாடகம், திரைப்படம், கேளிக்கை ஆகியவற்றுடன் அது சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்கலாம். எனவே மைய அரசு இத்துறையில் மானியங்கள் வாயிலாகவும், தேசிய நிறுவனங்கள் வாயிலாகவும், விளையாட்டுச் சம்மேளனங்களுக்கு அளிக்கும் அங்கீகாரத்தின் வாயிலாகவுமே செயல்பட்டு வந்துள்ளது. மைதானம் என்பது மாநிலத்தின் பொறுப்பு.

1992-ஆம் ஆண்டின் 73, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகு இப்பொறுப்பு மேலும் கீழிறங்கியது. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையின் 12-ஆவது இனம் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகிய வசதிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையின் 29 இனங்களில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் அதன் கடைசி இனம் சமுதாயச் சொத்துக்களின் பராமரிப்பு என்பதாகும். ஆக, சிற்றூர் ஒன்றில் உள்ள திடலை உருவாக்கும் கடமை ஊராட்சிக்கு வெளிப்படையாகக் கூறப்படவில்லை. உருவாக்கப்பட்ட பின்னர் அதைப் பேணும் கடமை மட்டும் உண்டு எனப் பொருள் கொள்ளலாம். கடமை இருக்கிறது, அதற்கான வருவாய் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த அடிப்படை மானியங்களில் 60 சதவிகிதம் குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கெனக் கட்டுண்ட மானியமாகவும், 40 சதவிகிதம் கட்டற்ற மானியமாகவும் அமைந்தன. கட்டற்ற மானியத்தைப் பதினோராவது அட்டவணையின் இனங்களில் உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம். ஆனால் ஊதியத்துக்கும் நிருவாகச் செலவுக்கும் பயன்படுத்தலாகாது. இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். திடலின் சுற்றுச்சுவரைப் பழுது பார்க்க இந்நிதி உதவும். அந்தத் திடலைக் காலையில் திறந்து, மாலையில் விளக்கேற்றி, கழிப்பறையைத் தூய்மை செய்யும் பணியாளரின் ஊதியத்துக்கு உதவாது. பராமரிப்பு என்பது பெரும்பாலும் ஆட்களின் உழைப்பே என்னும் உண்மை நிதி விதிகளில் போதிய இடம் பெறவில்லை.

பள்ளித் திடல்களைப் பொறுத்தவரை, 2009-ஆம் ஆண்டின் கட்டாய, இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும், சிறுவர் சிறுமியர்க்குத் தனித்தனிக் கழிப்பறைகளும் இருத்தல் வேண்டும் என விதிக்கிறது. இவ்விரு தேவைகளையும் ஒரே அட்டவணையில் வைத்த சட்டம், தன்னை அறியாமலேயே மகளிர் விளையாட்டின் அடிப்படை நிபந்தனையைக் கூறிவிட்டது எனலாம்.

திட்டங்களின் வரிசை

மகளிர் விளையாட்டுக்கெனத் தனியாக மைய அரசு எடுத்த முதல் பெரிய முயற்சி, சர்வதேச மகளிர் ஆண்டான 1975-இல் தொடங்கப்பட்ட மகளிர் தேசிய விளையாட்டு விழா ஆகும். ஊரக விளையாட்டுப் போட்டிகள் 1970-71 முதலே நடைபெற்று வந்தன. 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் தேசிய விளையாட்டுக் கொள்கைகள் வெளியிடப்பட்டன. 2017-இல் மாற்றியமைக்கப்பட்ட கேலோ இந்தியா திட்டம் 2017-18 முதல் 2019-20 வரை ரூ. 1,756 கோடி ஒதுக்கீட்டில் பன்னிரண்டு கூறுகளுடன் அமைந்தது. மகளிர் விளையாட்டு அவற்றில் ஒரு கூறு. 2021 முதல் மகளிருக்கெனத் தனி லீக் போட்டிகள் இத்திட்டத்தின்கீழ் நடத்தப்பட்டன. 2025 ஜூலையில் புதிய தேசிய விளையாட்டுக் கொள்கை அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டின் தேசிய விளையாட்டு நிருவாகச் சட்டம் தேசிய விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுக்களில் மகளிர் இடம் பெறுவதைக் கட்டாயமாக்கியது.

இவ்வரிசையில் போட்டிகளே மிகுதி என்பது வெளிப்படை. போட்டி நடத்துவது எளிது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு, அறிக்கையும் புகைப்படமும் உண்டு. பங்கேற்கும் பெண் ஆண்டின் எஞ்சிய நாட்களில் எங்கே பயிற்சி பெறுகிறாள் என்பதைப் போட்டி அறிக்கைகள் கூறுவதில்லை.

முதலீட்டுச் செலவும் தொடர் செலவும்

பொருளாதாரம் பயிலும் மாணவர்க்கு இங்கே ஒரு பாடம் உள்ளது. விளையாட்டு வசதி என்பது தேய்மானம் உடைய மூலதனப் பொருள். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் 5 கோடி ரூபாய் செலவில் செயற்கை ஓடுதளம் அமைக்கப்படுவதாகவும், அதன் ஆயுள் பத்தாண்டுகள் எனவும் வைத்துக்கொண்டால், வட்டியை நீக்கிக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய், நாளொன்றுக்குச் சுமார் 13,700 ரூபாய் தேய்மானமாகிறது. வெயிலும் மழையும் தளத்தைத் தேய்ப்பதற்கு ஓடுவோர் தேவையில்லை. தளம் பூட்டிக் கிடந்தாலும் இச்செலவு நடந்துகொண்டே இருக்கும்.

நாள்தோறும் 100 இளைஞர்கள் மட்டும் அதைப் பயன்படுத்தினால் ஒருவருக்கு ஆகும் செலவு 137 ரூபாய். மாலை விளக்கு, தூய்மையான கழிப்பறை, உடை மாற்றும் அறை, பெண் பயிற்சியாளர் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு மேலும் 1,500 ரூபாய் செலவிட்டு, அதன் பயனாக 100 பெண்களும் வருவதாகக் கொள்வோம். மொத்தச் செலவு 15,200 ரூபாயாக உயர்கிறது. ஆனால் ஒருவருக்கு ஆகும் செலவோ 76 ரூபாயாகக் குறைகிறது. பெண்களுக்கான கூடுதல் வசதியை ஒரு சலுகையாகக் கருதுவோர் இந்த எளிய கணக்கைச் செய்து பார்ப்பது நலம். கட்டி முடிக்கப்பட்ட ஒரு சொத்தின் பாதிப் பயனை இழப்பதா, சிறு இறுதிநிலைச் செலவைச் செய்து முழுப் பயனைப் பெறுவதா என்பதே இங்குள்ள தேர்வு.

இத்தகைய கணக்கு நிருவாகத்தில் ஏன் செய்யப்படுவதில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2016-17 வரை நமது வரவு-செலவுத் திட்டங்களில் செலவுகள் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு எனப் பிரிக்கப்பட்டிருந்தன. புதிய அரங்கம் கட்டுவது திட்டச் செலவு. அது வளர்ச்சி எனக் கருதப்பட்டது. கட்டிய அரங்கத்தைப் பேணுவது திட்டம் சாராச் செலவு; அது சிக்கனம் செய்ய வேண்டிய இனமாகக் கருதப்பட்டது. நிதி நெருக்கடி ஏற்படும்போதெல்லாம் முதலில் வெட்டப்பட்டது இரண்டாவது வகையே. 2017-18 முதல் இப்பாகுபாடு நீக்கப்பட்டு, வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்ற வகைப்பாடு மட்டும் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆயினும் பழைய மனப்பான்மை தலைப்புகளோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை. அடிக்கல் நாட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடப்படுகிறது. நீரேற்றும் மோட்டார் பழுது பார்க்கப்பட்டதற்கு விழா எடுப்பார் இல்லை.

மானிய விதிகளின்படி, பெற்ற தொகை செலவிடப்பட்டதும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பப்பட வேண்டும். இச்சான்றிதழ் பணம் உரிய நோக்கத்துக்குச் செலவிடப்பட்டது என்பதை உறுதி செய்கிறது. கட்டப்பட்ட வசதி பயன்படுத்தப்படுகிறதா, அதை யார் பயன்படுத்துகின்றனர் என்பதைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. பெயரில் பயன்பாடு இருக்கிறது என்பதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

கண்ணூரின் எட்டு ஆண்டுகள்

தொடர் செலவின் வலிமைக்கு நாடறிந்த சான்று ஒன்று உள்ளது. 1976-இல் கேரள அரசு பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவைக் கண்ணூரில் தொடங்கியது. அங்கே சேர்க்கப்பட்ட 40 பெண்களில் பய்யோளியைச் சேர்ந்த பி.டி. உஷாவும் ஒருவர், ஓ.எம். நம்பியார் பயிற்சியாளராக இருந்தார். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் நொடியில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்தார். 1986-இல் சியோல் ஆசியப் போட்டிகளில் இந்தியா பெற்ற ஐந்து தங்கப் பதக்கங்களில் நான்கு, அவர் தனியாகவோ தொடரோட்ட அணியிலோ வென்றவை.

இத்தகைய விளையாட்டுப் பிரிவு ஒன்றின் செலவு எவற்றுக்கு ஆகிறது? உணவு, உறைவிடம், கல்வி, பயிற்சியாளரின் ஊதியம், மைதானத்தைப் பேணுதல் ஆகியவற்றுக்கே. இவையனைத்தும் கணக்கியல் நோக்கில் வருவாய்ச் செலவுகள். ஆண்டிறுதியில் கையில் எந்தச் சொத்தும் மிஞ்சாதவை. ஆனால் ஆசிய மண்டலத்தில் இந்திய ஓட்டக்களத்துக்கு ஒரு பெயரை உண்டாக்கிய முதலீடு இதுவே. மனித மூலதனத்தை உருவாக்கும் செலவை நுகர்வுச் செலவு எனக் கொள்வது சரியா என்னும் பழைய விவாதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. 1976-க்கும் 1984-க்கும் இடையே எட்டு ஆண்டுகள். ஐந்தாண்டு மானியத் திட்டம் ஒன்றின்கீழ் இப்பிரிவு இயங்கி, ஐந்தாம் ஆண்டின் இறுதியில் பதக்கக் கணக்கு கேட்கப்பட்டிருந்தால், திட்டம் தோல்வி என எழுதப்பட்டிருக்கக் கூடும். 2017-இன் கேலோ இந்தியா திட்டம் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் 1,000 இளம் விளையாட்டு வீரர், வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் எட்டு ஆண்டுகள் உதவி என வகுத்தது. கால அளவைப் பொறுத்தவரை இது சரியான முடிவு. தேர்வு பெற்ற தனிநபருக்கு எட்டு ஆண்டு உறுதி அளிக்கும் அரசு, அவர் முதன்முதலில் ஓடிப் பழகிய திடலுக்கும் அத்தகைய உறுதியை அளிப்பது பொருத்தமாகும்.

பராமரிப்புக் குறைவின் சுமை

திடலில் விளக்கு எரியவில்லை, சுற்றுச்சுவர் இடிந்துள்ளது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என வைத்துக்கொள்வோம். இக்குறைகள் பாலின வேறுபாடின்றி அனைவரையும் பாதிக்கும் எனத் தோன்றும். நடைமுறை அவ்வாறன்று. இளைஞர்கள் இருட்டும் வரை விளையாடுவர். மரத்தடியில் உடை மாற்றுவர். வெளியூர்த் திடலுக்கு மிதிவண்டியில் செல்வர். பெண்கள் முதலில் வருகையைக் குறைக்கின்றனர், பின்னர் நின்றுவிடுகின்றனர். அவர்கள் நின்றதும், பெண்களுக்கு ஆர்வமில்லை எனக் குறிப்பு எழுதப்படுகிறது. வசதிக் குறைவால் ஏற்பட்ட விளைவு, வசதி வேண்டாமைக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது.

நேரமும் ஒரு வளமே. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபட்டோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அப்பணிகளில் செலவிட்டனர். 2024-இன் ஆய்வில் இவை முறையே 289, 88 நிமிடங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் உள்ளடக்கிய கணக்கு இது. ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம் குறைவானது. அது காலைச் சமையலுக்கும் மாலைச் சமையலுக்கும் இடையே துண்டு துண்டாகக் கிடைப்பது. மைதானம் காலை 5 மணி முதல் 8 மணி வரையும், மாலை 5 மணி முதல் 7 மணி வரையும் திறந்திருக்கும் என்ற அறிவிப்புப் பலகை, எழுதியவர் அறியாமலேயே, பெண்களில் பலரை வெளியே நிறுத்திவிடுகிறது.

நாட்டின் பரப்பு இதில் மற்றொரு சிக்கலைச் சேர்க்கிறது. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். டிசம்பர் மாதத்தில் இம்பாலில் மாலை நான்கரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். பள்ளி விட்டு மைதானம் சேரும் மாணவிக்கு அங்கே பகல் வெளிச்சம் சில நிமிடங்களே மிஞ்சும். குஜராத்தின் மேற்குக் கரையில் அப்போது வெயில் இருக்கும். எனவே விளக்குக் கம்பம் என்பது வடகிழக்கு மாநிலங்களில் ஆடம்பரம் அன்று. பெண்கள் விளையாட்டில் புகழ் பெற்ற மணிப்பூரில் அது பந்தைப் போன்றே அடிப்படைத் தேவை.

மணிப்பூர் தரும் இன்னொரு பாடம் போக்குவரத்தைப் பற்றியது. 1999-இன் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக உருவான இம்பாலின் குமான் லம்பாக் வளாகம், போட்டிகள் முடிந்த பின்னரும் பயிற்சிக் களமாகத் தொடர்ந்தது. நோங்போக் காக்சிங் என்னும் சிற்றூரைச் சேர்ந்த மீராபாய் சானு பளுதூக்கும் பயிற்சிக்காக அங்கே செல்ல, அவ்வழியே சென்ற சரக்கு லாரிகளில் இடம் கேட்டுப் பயணம் செய்தார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றுத் திரும்பியதும் அந்த லாரி ஓட்டுநர்களை அழைத்துச் சிறப்புச் செய்தார். செய்தித்தாள்கள் இதை நெகிழ்ச்சியான செய்தியாக வெளியிட்டன. திட்டமிடுவோர்க்கு இது வேறொரு செய்தி: வளாகம் நல்ல நிலையில் இருந்தது, அங்கே செல்லும் வழிக்கு எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை. மகள் லாரியில் ஏறிச் செல்வதை ஏற்காத பெற்றோர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

ஹாக்கியில் தளமே பராமரிப்புப் பிரச்சினையாகிவிட்டது. 1976 மான்ட்ரீல் ஒலிம்பிக் முதல் உலக ஹாக்கி செயற்கைப் புல்தளத்துக்கு மாறியது. 1980-இல் மகளிர் ஹாக்கி ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது இந்திய அணி நான்காவதாக வந்தது. 2021-இல் டோக்கியோவிலும் நான்காவதாக வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஜார்க்கண்டின் சிம்டேகா, கூண்டி மாவட்டங்களிலும், ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்திலும் பழங்குடிச் சிறுமிகள் மண் தரையில் ஆடிப் பழகி தேசிய அணிவரை வந்தனர். உயர்தரச் செயற்கைத் தளம் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் நீரால் நனைக்கப்பட வேண்டும். குடிநீருக்கே வரிசையில் நிற்கும் ஊரில் அத்தகைய தளத்தை அமைத்துவிட்டு, நீருக்கான ஏற்பாட்டை மறந்தால் அது வெயிலில் வெடித்துப் போகும். ஒடிசா அரசு 2018 முதல் தேசிய ஆடவர், மகளிர் ஹாக்கி அணிகள் இரண்டுக்கும் நிதி ஆதரவு அளிக்க முன்வந்ததன் சிறப்பு, அது ஒரு போட்டிக்கான பரிசாக இல்லாமல் பல்லாண்டு உறுதியாக அமைந்ததில் உள்ளது.

ஊராட்சித் திடல் பற்றிய ஒரு முயற்சி

பராமரிப்பை வெளிப்படையாகக் கணக்கில் கொண்ட மையத் திட்டம் ஒன்று இருந்தது. 2008-09-இல் தொடங்கிய பஞ்சாயத்து யுவ கிரீடா அவுர் கேல் அபியான், பத்தாண்டுகளில் எல்லாச் சிற்றூராட்சிகளிலும் வட்டார ஊராட்சிகளிலும் அடிப்படை விளையாட்டு வசதியை ஏற்படுத்துவதை நோக்கமாகக் கொண்டது. சிற்றூராட்சிக்குத் திடல் அமைக்க ஒருமுறை மானியம் 1 லட்சம் ரூபாய். அதனுடன் விளையாட்டுப் பொருட்கள் வாங்க ஆண்டுக்கு 10,000 ரூபாயும், நடைமுறைச் செலவுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாயும் ஐந்து ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்டன. திடலைக் கவனித்துக்கொள்ள ‘கிரீடாஸ்ரீ’ என்னும் உள்ளூர்த் தொண்டரும் உண்டு.

இக்கணக்கைக் கூர்ந்து நோக்கினால், ஐந்தாண்டுத் தொடர் மானியம் 1,10,000 ரூபாய். அதாவது திடல் அமைக்கும் மானியத்தை விட அதிகம். பொதுத் திட்டங்களில் அரிதாகக் காணப்படும் இந்த விகிதத்தைத் திட்டத்தை வகுத்தோரின் நடைமுறை அறிவுக்குச் சான்றாகக் கொள்ளலாம். தொகைகள் சிறியவை என்பது உண்மையே. மாதம் 1,000 ரூபாய் நடைமுறைச் செலவில் கழிப்பறையும் விளக்கும் அடங்கா. ஆறாம் ஆண்டில் பொறுப்பு ஊராட்சிக்குச் சென்றுவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஊராட்சியின் சொந்த வருவாய் அதற்கு இடம் தருமா என்பது திட்டத்தில் தீர்க்கப்படாத பகுதி. 2014-இல் ராஜீவ் காந்தி கேல் அபியான் அதன் இடத்தைப் பெற்றது. புதிய திட்டம் வட்டார அளவில் விளையாட்டு வளாகங்களைக் கட்டுவதை முதன்மையாகக் கொண்டது. 2016-இல் அதுவும் கேலோ இந்தியாவில் இணைந்தது. திடல் சிற்றூரிலிருந்து வட்டாரத் தலைநகருக்கு நகரும்போது வசதியின் தரம் உயரக்கூடும். ஆனால் பெண்களைப் பொறுத்தவரை தூரமே முதல் தடை. ஐந்து கிலோமீட்டரில் உள்ள நல்ல அரங்கத்தை விட, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சமதளமான திடல் அதிகச் சிறுமியரை விளையாட வைக்கும்.

2005-இன் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் பணிப் பட்டியலிலும் விளையாட்டுத் திடல் அமைத்தல் இடம் பெற்றிருந்தது. மண்வேலை அதிகம் தேவைப்படுவதால் கூலிப் பங்கு மிகுந்த அச்சட்டத்தின் விதிமுறைகளுக்கு அது ஏற்ற பணி. அவ்வாறு அமைந்த திடல்களைச் சமன் செய்து உழைத்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய மகள்கள் அத்திடல்களில் விளையாடுகின்றனரா என்பது ஊராட்சிகள் கேட்டறிய வேண்டிய ஒன்று.

கட்டணமும் வாடகையும்

பராமரிப்புக்கு நிதி இல்லாதபோது அரங்க நிருவாகம் இரு வழிகளை நாடுகிறது. ஒன்று, உறுப்பினர் கட்டணம். கட்டணம் விதிப்பதில் தவறில்லை. நீச்சல் குளம் போன்ற செலவு மிகுந்த வசதிகளில் அது தேவையும் கூட. ஆனால் ஒரே குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் கட்டணம் கட்ட வேண்டிய நிலை வரும்போது, மகளின் கட்டணமே முதலில் நிறுத்தப்படுவது நமது சமூகத்தின் இயல்பு. பெண்களுக்கு, குறைந்தது பள்ளி மாணவிகளுக்கு, கட்டண விலக்கு அளித்து, அதனால் குறையும் வருவாயை மானியமாக அரங்கத்துக்கு ஈடு செய்வதே முறை. விலக்கு அளிக்குமாறு ஆணையிட்டுவிட்டு ஈடு செய்யாமல் விடுவது, அரங்க நிருவாகத்தைப் பெண்களின் வருகைக்கு எதிராகத் திருப்பிவிடும்.

மற்றொன்று, கண்காட்சி, திருமணம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கு மைதானத்தை வாடகைக்கு விடுதல். வாடகை வரவு கணக்கில் தெரிகிறது. கூடாரக் கம்புகள் நட்ட குழிகளும், ஆணிகளும், பல நாட்கள் நின்றுபோன பயிற்சியும் கணக்கில் தெரிவதில்லை. வாடகைப் பணம் அரங்கப் பராமரிப்புக்கே திரும்பாமல் பொது வருவாயில் சேருமானால், இவ்வேற்பாட்டுக்கு எந்த நியாயமும் இல்லை.

பாதுகாப்பு என்னும் பராமரிப்பு

2013-இன் பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணியிடம் என்பதன் பொருள் விளக்கத்தில் விளையாட்டு நிறுவனம், அரங்கம், வளாகம், போட்டி நடைபெறும் இடம் ஆகியவற்றைத் தெளிவாகச் சேர்த்துள்ளது. அங்கே பயிற்சி பெறும் பெண் ஊழியர் அல்லர் என்பதால் சட்டம் பொருந்தாது எனக் கூற இயலாது. 2023-இல் டில்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனைகள் நடத்திய போராட்டம் இப்பொருளை நாடு முழுவதன் கவனத்துக்குக் கொண்டு வந்தது. புகார்க் குழு அமைப்பது ஒருபுறமிருக்க, மாவட்ட நிலை அலுவலர் தம் அதிகாரத்துக்குள் செய்யக்கூடியவை பல உள்ளன: பெண் பயிற்சியாளரை நியமித்தல், பயிற்சி நேர அட்டவணையை வெளியிடுதல், வாயிலில் வருகைப் பதிவேடு வைத்தல், விடுதியில் பெண் காப்பாளர் இருப்பதை உறுதி செய்தல். இவை யாவும் மைதானத்தின் அன்றாட நிருவாகத்தைச் சேர்ந்தவை. தனிச் சட்டமோ தனித் திட்டமோ வேண்டாதவை.

வருகைப் பதிவேடு வேறொரு வகையிலும் பயன்படும். 2005-06 முதல் மைய வரவு-செலவுத் திட்டத்துடன் பாலின வரவு-செலவு அறிக்கை வெளியிடப்படுகிறது. முழுவதும் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதியிலும், குறைந்தது 30 சதவிகிதப் பயன் பெண்களுக்குச் செல்லும் திட்டங்கள் மற்றொரு பகுதியிலும் காட்டப்பட்டு வந்துள்ளன. பொது மைதானம் போன்ற கூட்டு வசதியில் பெண்களின் பங்கு இவ்வளவு என எவ்வாறு கூறுவது? நாள்தோறும் வந்தவர்களின் எண்ணிக்கையை ஆண், பெண், வயது, நேரம் என எழுதி வைத்தாலன்றி அந்தச் சதவிகிதம் வெறும் மதிப்பீடே. ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் போதும். இதற்கான செலவு மிகக் குறைவு என்பதாலோ என்னவோ, எந்த மதிப்பீட்டுத் திட்டத்திலும் இது சேர்க்கப்படுவதில்லை.

2010-இல் டில்லியில் நடைபெற்ற காமன்வெல்த் போட்டிகளுக்காகப் பழைய அரங்குகள் பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்டன. 1982-க்குப் பின் எழுந்த அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2011-இல் இந்திய விளையாட்டு ஆணையம் தன் அரங்குகளைப் பொதுமக்களுக்கும் இளம் பயிற்சியாளர்களுக்கும் திறந்துவிடும் ‘வாருங்கள், விளையாடுங்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. கேள்வி இரு முறையும் போட்டிகளுக்குப் பின்னரே கேட்கப்பட்டது. 2030-இன் காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத் நகரில் நடைபெறும் என 2025 நவம்பரில் முடிவாகியுள்ளது. அங்கே எழும் அரங்குகளின் மதிப்பீடுகள் தயாராகும்போதே, போட்டிகள் முடிந்த மறுநாள் அவை எந்த அமைப்பின் பொறுப்பில் இருக்கும், அதன் பராமரிப்பு எந்தக் கணக்குத் தலைப்பில் வரும், மாலை வேளையில் எத்தனை மணி நேரம் நகரின் பள்ளி மாணவிகளுக்கு ஒதுக்கப்படும் என்னும் மூன்று பத்திகளையும் படிவத்தில் சேர்த்துவிட இன்னும் கால அவகாசம் உள்ளது.